இரண்டு சாண் மண்

நாலாவது கருவும் தங்காமல் போன மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு, ஊசிமேட்டுப்பட்டி கிழக்குக் கடைசித் தெருவில் குடிதண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டி நின்ற நேரத்தில், சுடலைவடிவின் வீட்டுக்குள்ளிருந்து பதினோரு பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக வெளியே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை, வெளியே வந்ததைத் தெருவே பார்த்தது. அந்தத் தெருவுக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் லாரி வரும், ஆகவே ஊருக்கு முதலில் எழுந்த கேள்வி இவர்கள் யார் என்பதல்ல, இவர்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வருவார்களா என்பதுதான். அவர்கள் கையில் குடம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் நிம்மதியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பதினோரு பேரும் ஒரே உயரம், வடிவின் வயசு, வடிவின் கறுப்பு. ஒரே மாதிரிக் கருநீலச் சேலையைக் கரண்டைக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். இடுப்பில் ஆளுக்கொரு சுருக்குப்பை, பைக்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு மணிகள். பேச்சு கிடையாது, பசி கிடையாது, உட்காருவதும் கிடையாது. சத்தம் கேட்டுப் பாயிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்த வடிவு, "யாரு தாயி நீங்கள்லாம்?" என்று கேட்டதற்கு, முன்னால் நின்றவள் அவளுடைய வலது கையை எடுத்து உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அழாத வடிவு அப்போதுதான் அழுதாள்.

வடிவு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடுகிறவள். புருஷன் கொம்பையா அந்தக் குடிதண்ணீர் லாரியை ஓட்டுகிறவன். கல்யாணமாகி எட்டு வருஷம். முதல் பிள்ளை ஏழாவது வாரத்தில் போனது, இரண்டாவது ஒன்பதில், மூன்றாவது எட்டில், நாலாவது எட்டு வாரமும் ஆறு நாளும் இருந்துவிட்டுப் போனது. பத்தாவது வாரம் என்ற ஊருக்கு வடிவு அதுவரை போய்ச் சேர்ந்ததே இல்லை. இந்த உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான், அதைத் தாண்டி எதையும் அவள் கேட்டதில்லை, கேட்கத் தெரியவும் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் போகிற எவரும் கையை நீட்டவேண்டும் என்றாயிற்று. பால்காரரை விட்டார்கள், எல்.ஐ.சி. ஏஜெண்டை விடவில்லை. கம்பெனியில் வடிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் போடும் பூங்கனி அக்காவை விட்டார்கள், துக்கம் விசாரிக்கிறேன் என்று வந்து யார் யாருக்கு எத்தனை பிள்ளை என்று கணக்கெடுத்துவிட்டுப் போகிற ஒன்றுவிட்ட சித்தியைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். மாமியார் தங்கப்புஷ்பத்தின் கையை ஒவ்வொரு தடவையும் மூன்று முறை மோந்தார்கள். "எம் மவன் கெட்டுன வீட்டுக்குள்ள போறதுக்கு நான் எவகிட்டயோ கைய நீட்டிட்டு நிக்கணுமாக்கும்" என்று அவள் தினம் நாலு தரமாவது சொன்னாள், சொல்லிக்கொண்டே கையையும் நீட்டினாள். கொம்பையா வந்தால் மட்டும் வேறு மாதிரி. பதினோரு பேரும் அவன் கையை ஒருத்தியிடமிருந்து ஒருத்தி வாங்கி வாங்கி மோந்து, விரலைப் பிரித்துப் பார்த்து, ரேகையைத் தடவி, எங்கேயோ பார்த்த முகம் பெயர் ஞாபகம் வரவில்லை என்கிற மாதிரி யோசித்து யோசித்துத்தான் வழிவிட்டார்கள். ஆறு நடை தண்ணீர் அடித்துவிட்டுக் களைத்து வருகிறவன் சொந்த வாசலில் கால்மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

ஊர் இதற்கெல்லாம் சீக்கிரம் பழகிப்போனது. தடுப்பூசி போட வந்த நர்சம்மா பேர் கேட்டுக் கேட்டு அலுத்து, வடிவு ஒன்று, வடிவு இரண்டு என்று பதினொன்று வரைக்கும் எழுதி எல்லோர் கையிலும் ஊசியைக் குத்திவிட்டுப் போனாள். வாக்காளர் பட்டியலுக்கு ஆள் சேர்க்க வந்தவர் அதைப் பார்த்தே எழுதிக்கொண்டார். கவுன்சிலர் சௌந்தரபாண்டி, பதினோரு ஓட்டு சும்மா வந்து நிற்கிறதே என்று அந்தத் தெருவுக்கு ஒரு விளக்குக் கம்பம் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாருக்கோ யோசனை போய், பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையைப் பேச்சுக்கு நடுவில் இந்த வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து கையை நீட்டச் சொன்னார்கள். மோந்து பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விசாரித்தால் திருப்பூரில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. அது போதாதா. அந்த ஆவணியில் சுற்றுவட்டாரத்து மாப்பிள்ளைகள் எல்லோரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வடிவு வீட்டு வாசலில் நின்றார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பதினோரு பேரைக் காவக்காரிகள் என்று பிரியமாகக் கூப்பிட்டார்கள். வடிவுக்குப் பிள்ளை நிற்கவில்லை என்பதைத் தெரு அந்த ஆரவாரத்தில் மறந்தே போனது. வடிவு மறக்கவில்லை.

ஆவணி முடிகிற சமயத்தில் அவளுக்கு ஐந்தாவது முறையாக நாள் தள்ளியது. அவள் கொம்பையாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு, டாக்டர் மெர்லினிடம் போனாள். பதினோரு பேரும் கூடவே பஸ் ஏறினார்கள். கண்டக்டர் பதின்மூன்று டிக்கெட் கிழித்தார். டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த கூட்டத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "ஆமா, இவங்கதான்" என்றார்.

"இவுகளை உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?"

"எல்லாப் பொம்பளைக்கும் கர்ப்பப்பைக்குள்ள இருக்கிறவங்கதாம்மா. மாசாமாசம் வருவாங்க, போவாங்க. உங்களுக்கு வெளியே வந்து நிக்கிறாங்க, அவ்வளவுதான். புத்தகத்துல இவங்களுக்குக் கொல்லி அணுன்னு பேரு. ரத்தத்துல இதே சாயல்ல ஒரு கூட்டம் ஓடுது, நோய் புடிச்ச அணுவைக் கொல்லுறது அதோட வேலை. சாயலைப் பாத்து இவங்களுக்கும் அதே பேரை வெச்சுட்டாங்க. இவங்க வேலை வேற. செத்தது, சோர்ந்துபோனதை ஒதுக்கிப் பிள்ளைக்கு இடம் பண்ணுவாங்க. பிள்ளைக்கு ரத்தம் வர்ற வழியை அகலமாக்குவாங்க."

"அப்போ எம் பிள்ளைங்க ஏன் நிக்கல?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பிள்ளை பாதி உங்க ஆளு. மீதிப் பாதி உங்க வீட்டுக்காரர் ஆளு. அந்தப் பாதியை இவங்க கண்டுபுடிக்கணும், கண்டுபுடிச்சாத்தான் வேலை ஓடும். சில பேருக்கு அந்த அடையாளம் சரியாப் பிடிபடுறதில்ல. சில பேருக்கு ஆளு பத்துறதில்ல. உங்களுக்குக் கொஞ்சம் பேர்தான் இருக்காங்க, சில பொம்பளைங்களுக்கு இப்படி வெளியே வந்தாங்கன்னா இந்த ரோடே அடைச்சுப்போகும். ஆனா அதனாலதான் நாலும் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. யாருக்குமே இன்னும் முழுசாத் தெரியாதும்மா. இவங்களை அடக்குறதுக்குன்னு மருந்து எழுதுற டாக்டருங்க இருக்காங்க. நான் எழுத மாட்டேன்."

வடிவு இந்த அத்தனையையும் கேட்டாள். கொம்பையாவின் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் முன்பக்கம் நின்ற பதினோரு முதுகுகளையும் பார்த்துக்கொண்டே வந்தவன், வீட்டில் இறங்கியதும் அந்தச் சொல்லைத் தன் தாயிடம் சொன்னான், தாய் குழாயடியில் சொன்னாள், ஒரு வாரத்தில் ஊரே காவக்காரிகளைக் கொல்லிகள் என்று சொல்லத் தொடங்கியது. மாப்பிள்ளைகளின் வரவும் நின்றது.

ஆறாவது வாரம் தொடங்கிய திங்கட்கிழமை அவர்கள் வாசலை விட்டு நகர்ந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே மண்வெட்டியை ஒருத்தி எடுத்துக்கொண்டாள், மற்றவர்கள் பன்னறுவாள், உடைந்த ஓடு, தேங்காய்ச் சிரட்டை என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிழக்கே கண்மாய்க் கரையடிக்குப் போனார்கள். ஒன்பது வருஷமாகத் தண்ணீரையே பார்க்காமல் சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்த கண்மாய் அது. அங்கிருந்து வடிவு வீட்டைப் பார்த்து ஒரு முழ அகலத்தில் வெட்டிக்கொண்டே வந்தார்கள். பட்ட வேரைப் பிடுங்கி ஒதுக்கினார்கள், செத்த எலியை, உடைந்த சட்டியை, மக்காத பையை எடுத்து ஓரம் போட்டார்கள், சுருக்குப்பையிலிருந்து கறுப்பு மணிகளை எடுத்து இறுகிக்கிடந்த கரிசலில் தூவினார்கள், தூவிய இடத்தில் மண் தானாக இளகிக் கொடுத்தது. பதினோரு பேர் செய்கிற வேலை அல்ல அது, நூறு பேர் வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு முழம், எட்டு முழம்தான் நகர்ந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாசமாக இருக்கிறவள் வீட்டெல்லைக்குள் மண்ணில் வெட்டு விழக்கூடாது. கிணறு தோண்ட மாட்டார்கள், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட மாட்டார்கள், கொம்பையா இந்த எட்டு வருஷத்தில் நாலு தடவையும் ஒரு வேலிக்கால்கூட நட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டைப் பார்த்து ஒரு பள்ளம் தினமும் வளர்ந்து வந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும். அதிலும் அந்த ஒரு முழ அகலத்தைத் தங்கப்புஷ்பத்துக்கு நன்றாகத் தெரியும். பின்பக்கம் முருங்கைமரத்தடியில் நாலு தடவை அவள்தான் குழி தோண்டினாள், மகனையும் விடாமல், வெட்டியானையும் கூப்பிடாமல், தன் கையால் ஒரு முழ அகலத்துக்குத் தோண்டி ஒரு வெள்ளைத் துணியை உள்ளே வைத்து மூடினாள். மூடிவிட்டு வந்து குளித்து, வடிவுக்கு முன்னால் சோற்றுத் தட்டை வைத்து, தின்னு தின்னு என்று அதட்டுவாள். தான் குளித்தபோது அழுததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கொம்பையா ஒரு நாள் போய்ப் பள்ளத்துக்குள் இறங்கி மறித்துக்கொண்டு நின்றான். அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவன் கையை வாங்கினார்கள். இந்த முறை ஒருத்தி மோந்ததுமே தலையாட்டிவிட்டாள், மற்றவர்களும் யோசிக்கவில்லை, சிரித்தார்கள் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. அப்புறம் அவனைச் சுற்றி வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் அவன் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடினான், காலையில் முதல் வேலையாக அதை அள்ளி வெளியே போட்டார்கள்.

வடிவு பத்தாவது வாரத்துக்குள் நுழைந்தாள். யாரிடமும் சொல்லாமல், மிட்டாய்க் கம்பெனிச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதியை நகத்தால் கீறி வைத்தாள். உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. பசித்தது. பள்ளம் தெருவுக்குள் வந்து விளக்குக் கம்பத்தைத் தாண்டியபோது அவள் போய்க் குனிந்து பார்த்து, தொட்டுப் பார்த்து, ஒரு வேப்பங்கொட்டையைப் போட்டு உருட்டியும் பார்த்தாள். அது வீட்டைப் பார்த்து உருண்டது.

பள்ளத்துக்கும் வாசற்படிக்கும் இரண்டு சாண் மண்தான் பாக்கி என்றிருந்த வெள்ளிக்கிழமை காலையில் தெரு கூடி வந்தது. கவுன்சிலர் வந்தார், பூங்கனி அக்கா வந்தாள், தெருமுனையில் திருப்பி அனுப்பிய அந்தச் சித்தியும் வந்தாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. எல்லோரும் உண்மையாகவே அவளுக்காகப் பயந்துபோய் வந்திருந்தார்கள், அதுதான் கொடுமை.

"தாயி, நாங்க சொல்லிப் பாத்துட்டோம், கேக்க மாட்டேங்குதாக," என்றார் கவுன்சிலர். "நீ ஒரு வார்த்தை சொன்னாப் போயிருவாக."

"குழி வாசப்படியத் தொட்டுட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது வடிவு," என்றாள் பூங்கனி அக்கா. "பத்து வாரம் கொண்டுவந்துட்ட. இதையும் விட்டுராத."

வடிவு கொம்பையாவைப் பார்த்தாள். "சரிவா இருக்குதுங்க," என்றாள். "வந்து பாருங்க, வீட்டப் பாத்துச் சரிவா வெட்டியிருக்காக. கொட்டைய உருட்டிப் பாத்தேன்."

கொம்பையா பதினைந்து வருஷமாகத் தண்ணீரோடு கிடக்கிறவன். எந்தத் தெருவில் எந்தப் பக்கம் வாட்டம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும். அவன் குனியவில்லை. "அந்த டாக்டரே சொல்லிட்டாங்கல்ல, கொல்லின்னு," என்றான். அவன் குரல் கெஞ்சியது.

"குழி எப்பவும் வீட்டப் பாத்துத்தான்டி வரும்," என்றாள் தங்கப்புஷ்பம். "நாலு தோண்டிட்டேன். அஞ்சாவது தோண்ட எங் கையில தெம்பு இல்ல, ஆத்தா. போகச் சொல்லு."

மாமியார் அவளை ஆத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வடிவுக்கு அந்த வேப்பங்கொட்டை தெரியும், டாக்டரம்மா சொன்னது தெரியும், தெரியாது என்று அவர் சொன்னதும் தெரியும். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இத்தனை பேர் நிச்சயத்துக்கு நடுவில் ஒரு வேப்பங்கொட்டையை நம்பி எவ்வளவு நேரம் நிற்க முடியும். பயந்துவிட்டாள். பிள்ளை மேல் இருந்த ஆசை முழுக்கப் பயமாக மாறி, "போயிருங்கம்மா" என்று வெளியே விழுந்தது.

பதினோரு பேரும் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தினார்கள். மண்வெட்டியைச் சேலையில் துடைத்துச் சுவரோரம் சாத்தினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து வடிவின் கையை மோந்தார்கள். கடைசியில் வந்தவள் கையை விட்டுவிட்டுக் குனிந்து அவள் அடிவயிற்றில் முகத்தை வைத்து மோந்தாள், கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தாள், தலையாட்டினாள். பிறகு பள்ளத்துக்குள் இறங்கி, வந்த வழியே வரிசையாக நடந்து, கண்மாய்க் கரை ஏறி, கருவேலங்காட்டுக்குள் போய்விட்டார்கள். பள்ளத்தை மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மூடுவதும் மண் வேலைதான், பிள்ளை பிறக்கிறவரைக்கும் தொடவேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வடிவுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, வாசலில் கையை நீட்டாமல் தாராளமாக உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

பதினோராவது வாரத்தின் நடுவில் வடிவின் உள்ளங்கை குளிர்ந்தது. திருநெல்வேலியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அவங்க எங்கம்மா?"

"போகச் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது வடிவுக்கு.

"அதனாலதானா டாக்டர்?"

"தெரியாதும்மா," என்றார் டாக்டரம்மா. "அவங்க இருந்திருந்தாலும் நின்னிருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

முருங்கைமரத்தடியில் ஐந்தாவது குழியையும் தங்கப்புஷ்பம்தான் தோண்டினாள். இந்தத் தடவை சாப்பிடச் சொல்லி அவள் அதட்டவில்லை. இரண்டு பேரும் ஒரே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் அடித்து, ஐந்தாம் நாள் மதியம் வெயில் தலைகாட்டியபோது ஒன்பது வருஷத்துக் கண்மாய் பெருகிக் கிடந்தது. கரையடியில் அந்தப் பெண்கள் முதன்முதலில் மண்ணில் கை வைத்த இடத்தில் கரை தானாக ஒரு முழத்துக்கு உடைந்தது. கரிசல் மண்ணானாலும் செம்மண் நிறத்தில் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, வழியில் ஒரு வேரிலும் தட்டாமல், ஒரு இடத்திலும் தேங்காமல், விளக்குக் கம்பத்தைத் தாண்டி நேராக வந்து வடிவு வீட்டு வாசலுக்கு இரண்டு சாண் தூரத்தில் முட்டி நின்றது. முட்டிய இடத்தில் பொங்கியது, வழி தேடியது, கிடைக்காமல் தெருவுக்குள் திரும்பியது.

தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. கவுன்சிலர் பார்த்தார், பூங்கனி அக்கா பார்த்தாள், கொம்பையா இப்போது குனிந்து பார்த்தான். ஒருத்தி வீட்டுக்குள் போய்க் குடத்தை எடுத்து வந்தாள், அதைப் பார்த்து இன்னொருத்தி எடுத்து வந்தாள், சற்று நேரத்தில் பள்ளத்தின் இரண்டு பக்கமும் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. பிள்ளைக்கு வந்த தண்ணீரை ஊர் தலைகுனிந்து மொண்டுகொண்டு போனது. அது அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. லாரி வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

வடிவு சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். கொம்பையா அதை வாங்கக் கை நீட்டினான். "தள்ளுங்க" என்றாள். அந்த இரண்டு சாண் மண்ணையும் அவளே வெட்டினாள். ஆறே வெட்டு, அவ்வளவுதான் பாக்கி இருந்தது.

தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. முன் அறையைச் சுற்றியது. அடுப்படிக்குள் போய் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தது. எட்டு வருஷத்துக்கு முன் வாங்கித் தாளில் சுற்றிப் பரணில் வைத்திருந்த தொட்டில் கம்புக்குக் கீழே வந்து வெகுநேரம் நின்றது. தங்கப்புஷ்பம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று அதற்கு வழிவிட்டாள். படுக்கிற அறைக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயும் யாரும் இல்லை என்று தெரிந்து, தண்ணீர் பின்பக்கமாக வந்து, முருங்கைமரத்துப் பக்கம் சாத்தியிருந்த கதவில் முட்டிக்கொண்டு நின்றது.

வடிவு போய்ப் பின்வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.